குதிரைக்கு வாடகை குடுத்தவனுக்கே வீடியோ சொந்தம்

கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிக்கிருங்க தம்பி. மடியில இருக்கறது பட்டுச்சேலை. இது கசங்குனா எங்கக்கா என்னையக் கசக்கிப்புடும். ஆண்டிபட்டி வரைக்குந்தான், அக்கா வீட்டுக்கு. நீங்க தேனியா? நல்லதாப் போச்சு, பேச்சுத்தொணைக்கு ஆளு கெடச்சுச்சு.

போன்ல என்னா பாக்குறீக, இம்புட்டுச் சிரிப்பு? எவனோ சேத்துல வழுக்கி விழுகுறானா? பாருங்க, பாருங்க. நல்லாச் சிரிங்க. நான் ஒரு புகாரு போட்டேன்னு வைங்க, நாளன்னைக்கு அந்த வீடியோ இருக்காது. பேயும் இல்ல, பில்லிசூனியமும் இல்ல. காப்பிரைட்டு. ஒருத்தன் எடுத்த படத்த இன்னொருத்தன் களவாண்டு போட்டா, எடுத்தவன் அந்த வீடியோ கம்பெனிக்கு எழுதிப் போடணும். கம்பெனிக்காரன் தூக்கிருவான். எழுதிப் போட்டவன்தான் எடுத்தவனான்னு கேக்குறீகளா? அதக் கேக்க அவன் அமெரிக்காவுல இருந்து உசிலம்பட்டிக்கு வண்டி கட்டியா வரப்போறான்?

எம்பேரு காசிமாயன். குதிர வீடியோ பாத்திருக்கீகளா? வெள்ளக் குதிர, செவப்புத் தலப்பா, கூலிங் கிளாசு? பாக்கலையா? பாத்திருக்க மாட்டீக. நாந்தான் ஒண்ணு விடாமத் தூக்கிட்டேனே.

சொல்றேன் கேளுங்க. எங்கக்காவுக்கு ஒரே மக, ரஞ்சனி. அதுக்குச் சடங்கு வச்சாக. எங்க பக்கத்துல சடங்குன்னா தாய்மாமன் சீர்தான் தம்பி எல்லாம். பொண்ணு வயசுக்கு வந்துச்சாங்கறத விட, மாமன் எப்படி வந்தான்னுதான் ஊரு பாக்கும். எங்க பெரியப்பா மகன் வீரணன் இருக்கானே, அவன் தங்கச்சி மகளுக்கு மாட்டுவண்டியில சீர் கொண்டு போயி, அத வருசக்கணக்காச் சொல்லித் திரிஞ்சான். அவன் மாட்டுல போனா நான் எதுல போகணும்? நீங்களே சொல்லுங்க. குதிரயிலதான?

மதுரையில இருந்து கல்யாணக் குதிர வரவழச்சேன். ரோட்டு நெடுக ஃபிளக்ஸு. கொட்டுமேளம் முன்னாடி, சீர்த்தட்டோட பொம்பளைக பின்னாடி, நடுவுல நான். எங்கக்கா வீடு இந்தா இருக்கு, கையெட்டுற தூரம். அப்பப் பாத்து எவனோ ஒரு கிறுக்கன் ஆயிரம்வாலா சரத்தக் குதிர காலடியில போட்டான் தம்பி. வீரணன்தான்னு எனக்குச் சந்தேகம். நிரூபிக்க முடியல.

குதிர கெளம்பிருச்சு. எங்கக்கா வீட்டத் தாண்டி, கோயிலத் தாண்டி, ஊரையே தாண்டிப் போகுது. நான் "அக்கா!"ன்னு ஒரு சத்தம் போட்டேன், அம்புட்டுத்தான். தலப்பா ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். அது எங்க போயி நின்னுச்சு தெரியுமா? அடுத்த ஊருல ஒரு கல்யாண மண்டபம். அந்தக் குதிரைக்கு அதான பழக்கம்? மண்டபத்து வாசலக் கண்டா நிக்கணும். நின்னுருச்சு. அங்க ஒரு அம்மா, பாவம், நாந்தான் மாப்பிள்ளைன்னு நெனச்சு ஆரத்தித் தட்டோட வந்துட்டாக. நான் என்னா சொல்றது? நெத்தியில பொட்டும் வச்சுட்டாக.

சாப்பிடாம அனுப்ப மாட்டேன்னுட்டாக. அது வேற விசயம்.

குதிரக்காரன் வரல. என்னா செய்ய? டவுன் பஸ்ஸப் பிடிச்சேன். மாலையும் கழுத்துமா, கூலிங் கிளாசோட எங்கக்கா வீட்டு வாசல்ல பஸ்ஸ விட்டு எறங்குனேன். கண்டக்டரு விசில் அடிச்சாரு பாருங்க, ஊரே திரும்பிப் பாத்துச்சு. இத முச்சூடும் நாகூர்கனி பாய் வீடியோ எடுத்துட்டாரு. ஸ்டுடியோ வச்சிருக்காரு, எங்க பக்கத்துல எந்த விசேசம்னாலும் அவருதான். தங்கமான மனுசன். ஆனா வீடியோவ நிப்பாட்டத் தெரியாது.

அன்னைக்குத்தான் எங்க மச்சான் சிரிச்சாரு.

மச்சான்னா அக்கா வீட்டுக்காரரு, பால்ச்சாமி. அவரு சிரிச்சு ஒருத்தனும் பாத்ததில்ல தம்பி. கல்யாணப் போட்டோவுலயே கடன்காரனப் பாக்குற மாதிரி மொறச்சுக்கிட்டு நிப்பாரு. மக பொறந்தப்பக்கூட "ம்"னாராம். அப்பேர்ப்பட்ட ஆளு, நான் பஸ்ஸ விட்டு எறங்குனதப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிச்சாரு. நிக்க முடியாமப் பந்தக்காலக் கட்டிப் பிடிச்சாரு, அதுவும் முடியாமத் தரையில உக்காந்துட்டாரு. கண்ணுல தண்ணி. என்னையக் காட்டிக் காட்டிச் சிரிக்கிறாரு. சீர் கொண்டுவந்த மச்சினனப் பாத்து வீட்டு ஆம்பள சிரிக்கலாமா? எனக்கு எப்படி இருந்திருக்கும்? அன்னைக்குக் கறிச்சோத்துல நான் கை வைக்கல. ஏற்கனவே சாப்பிட்டுட்டேன்கறது வேற.

கனி பாய் அத அவரு சேனல்ல போட்டாரு. இப்ப எவன் சிடி கேக்குறான்? விசேசத்து வீடியோவ எல்லாம் சேனல்ல ஏத்தி லிங்க அனுப்பிருவாரு, வெளிநாட்டுல இருக்கறவுகளும் பாத்துக்கலாம். நம்ம விசேசத்த முழுசா ஒண்ணு போட்டாரு. குதிர ஓடுனத மட்டும் தனியா ஒண்ணு, பஸ்ஸுல வந்தத மட்டும் தனியா ஒண்ணு. அவ்வளவுதான். ஊரு ஒலகமெல்லாம் பாத்துருச்சு. மூஞ்சியே தெரியாத பயலுக அத வெட்டி ஒட்டி, பாட்டப் போட்டு, மழ பெஞ்சாலும் என் குதிர, பரிச்சையில பெயிலானாலும் என் குதிர. நான் டீக்கடைக்குப் போனா டீ மாஸ்டரு கேக்குறான், "மாமா, குதிரைய எங்க கட்டிருக்கீக?"

இது ஓஞ்சுரும்னு இருந்தேன். அஞ்சாறு வருசமாகியும் ஓயல. அப்பத்தான் இ-சேவை மையத்துல இருக்கே ரூத்துங்கிற புள்ள, அதுகிட்டப் போனேன். "அசிங்கமா இருக்கு, தூக்கச் சொல்லு"ன்னேன். "அசிங்கம்னா தூக்க மாட்டாங்கண்ணே. காப்பிரைட்டுன்னாத்தான் தூக்குவாங்க. ஆனா வீடியோ உங்களுதா இருக்கணும்"னுச்சு.

நான் கேட்டேன்: குதிரைக்கு வாடகை குடுத்தது யாரு? நான். அக்கான்னு கத்துனது யாரு? நான். மானம் போனது யாருக்கு? எனக்கு. அப்ப வீடியோ யாருது? அந்தப் புள்ள புகாரு ஃபாரத்தத் தொறந்துச்சு. என் பக்கம் நாயம் இல்லைன்னா தொறந்திருக்குமா?

கடைசியில ஒரு கட்டம். டிக் அடிக்கணும். ரூத்து சொல்லுது, "அண்ணே, இது சத்தியம் பண்ற மாதிரி. பொய்யின்னா உங்க மேல கேசாகும்." சத்தியமா? சூடம் எங்க? எங்க ஊருல சத்தியம்னா சூடத்தக் கொளுத்தி, கருப்பசாமி பேரச் சொல்லி, உள்ளங்கையால அணைக்கணும் தம்பி. கை சுடணும். சுடாத சத்தியம் எந்த ஊருல சத்தியம்? கம்ப்யூட்டரு எலியப் பிடிச்சு ஒரு அமுக்கு. முடிஞ்சது.

குதிர ஓடுற வீடியோ காணாமப் போச்சு. நான் அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்குனேன். அப்புறம் பஸ்ஸு வீடியோ. அப்புறம் வெட்டி ஒட்டுன பயலுக போட்டது ஒவ்வொண்ணா. ருசி கண்ட பூனையாயிட்டேன். வீரணனோட மாட்டுவண்டிச் சீர் வீடியோ ஒண்ணு கெடந்துச்சு. அது எப்படி உன்னுதும்பீக. பங்காளி சொத்து தம்பி, அதுல எனக்குப் பாத்தியம் உண்டு. தூக்கிட்டேன். எங்க ஊரு மழைய ஒருத்தன் எடுத்துப் போட்டிருந்தான், எங்க வீட்டு ஓட்டுல இருந்து ஒழுகறது எல்லாருக்கும் தெரியுது. தூக்கிட்டேன்.

விசயம் பரவிருச்சு. ஆளுக தேடி வருதுக. "காசிமாயண்ணே, நான் வாய்க்கால்ல விழுந்தத எவனோ போட்டுட்டான்." "மாமா, எம்புருசன் குடிச்சிட்டு ஆடுனத எடுத்துட்டாங்க." எல்லாமே என்னுதுன்னுதான் எழுதிக் குடுத்தேன். ஒரு கட்டத்துல உசிலம்பட்டித் தாலுகாவுல எடுத்த வீடியோ பூராம் நான் எடுத்ததுதான், கணக்குப்படி. எங்க தெருவுல வி.ஏ.ஓ.வுக்கு அடுத்து எனக்குத்தான் மரியாத. ரூத்து மட்டும் ஒரு நா சொல்லுச்சு, "அண்ணே, இனிமே எங்கிட்ட வராதீங்க, பயமா இருக்கு." பொட்டப்புள்ளதான, பயம் இருக்கும். நானே பழகிக்கிட்டேன்.

இதுக்கெல்லாம் முன்னாடியே மச்சான் போயிட்டாரு. சடங்கு முடிஞ்ச மறுவருசமே. வயல்ல தண்ணி கட்டிக்கிட்டு இருந்தவரு, நெஞ்ச வலிக்குதுன்னு வரப்புல உக்காந்தாரு, எந்திரிக்கல. கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் போட்டோ தேடுனோம் பாருங்க, ஒண்ணுலயும் மொகம் சுமுகமா இல்ல. ரேசன் கார்டுல இருந்த மொறப்பத்தான் பெருசு பண்ணி வச்சோம். நல்ல மனுசன். எனக்கும் அவருக்கும் அந்தச் சிரிப்புக்கு அப்புறம் பேச்சு கொஞ்சம் கொறஞ்சு போச்சு. நானா பேசட்டும்னு அவரு இருந்தாரு, அவரா பேசட்டும்னு நான் இருந்தேன்.

இந்தத் தையில ரஞ்சனிக்கு மாப்பிள அமைஞ்சுச்சு. கம்பம் பக்கம், நல்ல எடம். நான் என்னா நெனச்சேன்? மாப்பிள வீட்டுக்காரவுக பொண்ணு பேரப் போட்டுத் தேடுனா என்னா வரும்? சடங்கு வீடியோ வரும். அதுல பொண்ணோட தாய்மாமன் குதிரயில போயி பஸ்ஸுல வருவான். சம்பந்தம் என்னாத்துக்கு ஆகும்? குடும்ப மானந்தான தம்பி? அதனால அந்த முழு வீடியோவுக்கும் ஒரு புகாரு போட்டேன். நல்லது நெனச்சுத்தான் போட்டேன்.

எனக்கு அந்தக் கணக்கு தெரியாது. ஒரே சேனல் மேல மூணு மாசத்துக்குள்ள மூணு புகாரு விழுந்தா வீடியோவ மட்டும் தூக்க மாட்டானாம், கடையவே இழுத்து மூடிருவானாம். கனி பாய் சேனலே போச்சு. அவரு எடுத்த கல்யாணம், காதுகுத்து, வளகாப்பு எல்லாம் போச்சு. வந்தாரு மனுசன் எங்க வீட்டுக்கு. கத்தல. "தம்பி, புதுசா வர்றவுகளுக்கு நான் என் வேலைன்னு எதக் காட்டுவேன்? வாபஸ் வாங்குங்க தம்பி"ன்னாரு. நான் டீ வாங்கிக் குடுத்தேன். சும்மா சொல்லக்கூடாது, வடையும் வாங்கிக் குடுத்தேன். "நீங்க மொதல்ல மன்னிப்புக் கேளுங்க பாய், அப்புறம் யோசிக்கிறேன்"னேன். "நான் எதுக்குத் தம்பி மன்னிப்புக் கேக்கணும்?"னாரு. பாருங்க, மன்னிப்புக் கேக்கறதுக்கே சில பேருக்கு மனசு வராது. வடைய அப்படியே வச்சுட்டுப் போயிட்டாரு.

ஆனா அது பெருசில்ல. பெருசு எங்கக்கா.

எங்கக்கா சாயங்காலம் வெளக்குப் பொருத்திட்டு டிவி போடும். நாடகம் பாக்குதுன்னுதான் நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். நாடகம் இல்ல தம்பி. அந்தச் சடங்கு வீடியோவத்தான் தெனமும் பாத்திருக்கு. ரஞ்சனி டிவியில எடுத்துக் குடுத்துரும். நான் பஸ்ஸ விட்டு எறங்குற எடத்துல வச்சிருக்கும். நான் எறங்குவேன், மச்சான் சிரிப்பாரு. முடிஞ்சதும் மறுபடியும் வைக்கும். நான் எறங்குவேன், மச்சான் சிரிப்பாரு.

அன்னைக்குப் போட்டிருக்கு, வரல. தெர கறுப்பா இருக்கு, நடுவுல இங்கிலீசுல என்னமோ எழுதியிருக்கு. "என்னாடி போட்டிருக்கு?"ன்னு கேட்டிருக்கு. ரஞ்சனி படிச்சுச் சொல்லிருச்சு. காசிமாயன்கிறவரு கேட்டுக்கிட்டதால இந்த வீடியோவ எடுத்துட்டோம்னு போட்டிருக்கான். எம்பேர எதுக்குத் தம்பி போடணும்? புகாரு குடுத்தவன் பேர வெளிய சொல்லலாமா? போலீஸ்காரன்கூடச் சொல்ல மாட்டானே!

வேற காப்பி இல்லையான்னுதான் கேக்குறீக? பாய் பென்டிரைவுல போட்டுக் குடுத்தாரு. மச்சான்தான் அத அழிச்சிட்டு டிராக்டர்ல கேக்கறதுக்குப் பழைய பாட்ட ஏத்திக்கிட்டாரு. பாயோட கம்ப்யூட்டரு போன மழையில இடி விழுந்து போச்சு. வாட்ஸ்அப்புல சுத்துனதுல எல்லாம் பயலுக சத்தத்த எடுத்துட்டுப் பாட்டப் போட்டுட்டானுக. சேனல்ல இருந்தது ஒண்ணுதான்.

மறுநா விடியக்காலம் அக்கா எங்க வாசல்ல. கையில தட்டு, தட்டுல சூடம். தெருவே எட்டிப் பாக்குது. சூடத்தப் பொருத்தி வாசப்படியில வச்சுட்டு, "அந்த வீடியோ என்னுதுதான்னு சொல்லி அணைடா"ங்குது. கருப்பசாமி பேரச் சொல்லிருச்சு தம்பி. நான் கைய நீட்டுனேன். நீட்டத்தான் செஞ்சேன். அதுக்குள்ள ஒரு காத்து அடிச்சுச் சூடம் தானா அணைஞ்சு போச்சு. "பாத்தியாக்கா, சாமியே வேணாங்குது"ன்னேன். அக்கா மறுபடியும் பொருத்துச்சு. நான் கைய நீட்டல.

அக்கா அழுகல. அழுதிருந்தாத் தேவலை. "எம்புருசன் வாழ்க்கையில ஒரே ஒரு தரந்தான்டா சிரிச்சாரு. அதையும் பொறுக்க முடியலையா ஒனக்கு?"ன்னு கேட்டுச்சு. "வர்ற வியாழக்கெழம முகூர்த்தம். மண்டபத்துல பெரிய தெர வைக்கிறாக. அதுல அவரு சிரிக்கணும், எம்மக அதப் பாத்துக்கிட்டுத் தாலி கட்டிக்கணும். வீடியோ வந்தா நீ தாய்மாமனா வா. வரலைன்னா அந்த எடத்துல வீரணன் நிப்பான்."

வீரணன்! என் எடத்துல! பாருங்க தம்பி, கூடப் பொறந்தவ பேசுற பேச்சா இது? ரஞ்சனியும் போன் பண்ணுச்சு. "அப்பா மொகம் போட்டோவுல இருக்கு மாமா. சத்தம் அதுல மட்டுந்தான் இருந்துச்சு"ன்னுச்சு. "நீயும் உங்காத்தாகூடச் சேந்துக்கிட்டியா?"ன்னு வச்சுட்டேன்.

அதான் இந்தப் பட்டு. அசல் காஞ்சிபுரம். இதப் பாத்தா அக்கா மனசு எளகாதா? வாபஸ் வாங்குனா என்னான்னா கேக்குறீக? வாங்கலாம். அக்கா வந்துட்டுப் போன அன்னைக்கே ரூத்துகிட்டப் போனேன், அது என் போன்ல எழுதி வச்சிருச்சு, அனுப்பறது ஒண்ணுதான் பாக்கி. மூணு புகாரையும் வாபஸ் வாங்குனா ரெண்டு மூணு நாள்ல சேனல் திரும்ப வந்துருமாம். ஆனா வாபஸ்னா என்னா? நான் பொய் சொன்னேன்னு ஒத்துக்கறது. அமெரிக்காக்காரன்கிட்ட! அப்புறம் குதிரையும் திரும்ப வரும். மாப்பிள வீடு மொத்தமும் உக்காந்து பெரிய தெரையில பாக்கும். நான் சீர்த்தட்டோட முன்வரிசையில உக்காந்திருக்கணும், மண்டபமே சிரிக்கும். முடியுமா தம்பி? நீங்களா இருந்தா...

என்னா கேட்டீக? எப்படிச் சிரிச்சாருன்னா?

அது வந்து... மொதல்ல மூக்கால ஒரு சத்தம் வரும். அப்புறம்... கெக்கெக்... இல்ல, இப்படி இல்ல. அடிவயித்துல இருந்து வரும். ஹுக்... ஹுஹு... இல்லப்பா. இது எங்க பெரியப்பா சிரிப்பு. மச்சானுது நடுவுல மூச்சு நின்னு, அப்புறம் ஒரு இழுப்பு இழுத்து... இருங்க. கேட்டேனே. எத்தன தரம் கேட்டிருக்கேன். கோவத்துலயே கேட்டிருக்கேன், ஆனா கேட்டேன். அந்தச் சத்தம் காதுலயே கெடந்துச்சு தம்பி. ராத்திரியெல்லாம் தூங்க விடாது.

வரல. எனக்கு வரல தம்பி.

எனக்கே வரலைன்னா எங்கக்கா என்னா பண்ணும்? சாயங்காலம் வெளக்குப் பொருத்திட்டு அந்தக் கறுப்புத் தெர முன்னாடி உக்காந்து இப்படித்தான முக்கி முக்கிப் பாத்திருக்கும்? செத்த மனுசன் வாயில கைய வச்சுப் பொத்திட்டேனே தம்பி. என்னையப் பாத்துச் சிரிச்சாருன்னு பொத்திட்டேனே. என்னையப் பாத்தா மட்டுந்தான அவருக்குச் சிரிப்பு வந்துச்சு? பெத்த மகளால முடியல, கட்டுனவளால முடியல. நான் ஒருத்தன்தான...

இந்தாங்க, இந்தப் போனப் பிடிங்க. அந்த ரூத்து எழுதுனது எங்க கெடக்குன்னு பாருங்க. இதுதானா? என்னா போட்டிருக்கு, வாசிங்க. தமிழ்ல சொல்லுங்க. "வீடியோக்கள் என்னுடையவை அல்ல, என் புகார்கள் பொய்." அப்படியேவா போட்டிருக்கு? அடிப்பாவி. அந்தப் "பொய்"ய எடுத்துட்டுத் "தவறுதலா"ன்னு போடலாமா? போடலாமா? போட்டா என்னாவாம்? மேக்கொண்டு கேள்வி கேப்பானா? நாளாகுமா?

வியாழக்கெழமைக்குள்ள வராதா?

அப்பப் பொய்யின்னே இருக்கட்டும். எங்க அமுக்கணும்? குடுங்க, நீங்க வேணாம், நானே அமுக்குறேன். போயிருச்சா? போயிருச்சா பாருங்க. அம்புட்டுத்தானா? சரி.

ஆண்டிபட்டி வந்துருச்சு, கொஞ்சம் வழி விடுங்க தம்பி, பையி சிக்கிக்கிருச்சு. வியாழக்கெழம சோலி இல்லைன்னா வாங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடிதான் மண்டபம். பெரிய தெரையில எங்க மச்சான் சிரிப்பாரு. என்னையப் பாத்துத்தான் சிரிப்பாரு. வந்து கேட்டுட்டுப் போங்க.